எஸ்.ஜி.பாளையா லேடீஸ் பிஜி: அக்ரிமென்ட்டுக்கு 5 நாள் முன்னாடியே பெட்டியோட போய் இறங்கினேன்

பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) பேர் சொல்லல, ஏன்னா இன்னிக்கும் அங்கதான் சாப்பிட்டுட்டு இருக்கேன். பெங்களூர் எஸ்.ஜி.பாளையால ஒரு சந்து, நாலு மாடி, கீழ ஜெராக்ஸ் கடை, பக்கத்துல மலையாளி பேக்கரி. இந்த அடையாளத்த வச்சு தேடினா ஒரு இருபது பிஜியாவது மாட்டும், அதனால தைரியமா எழுதறேன்.

நான் சேலம். எம்.காம் சீட் கிடைச்சதும் அப்பாவும் நானும் ஜூன்லயே வந்து ரூம் பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டோம். த்ரீ ஷேரிங், மாசம் 9,500, டெபாசிட் ஒரு மாச வாடகை, அதுபோக மெயின்டெனன்ஸ்னு திரும்பி வராத 3,000. அக்ரிமென்ட் 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து பதினோரு மாசம் (ஒரு வருஷத்த தாண்டினா ரிஜிஸ்டர் பண்ணணும், அந்த செலவும் அலைச்சலும் வேணாம்னுதான் எல்லாரும் பதினொன்னுல நிறுத்திடறாங்க). ஆனா காலேஜ் ஓரியன்டேஷன் ஜூலை 28 திங்கக்கிழமை. நடுவுல அஞ்சு ராத்திரி இருக்கே, அதுக்கு என்ன பண்றதுன்னு மேனேஜருக்கு போன் பண்ணா, "அதுக்கென்னம்மா, முன்னாடியே வந்துடு, ரூம் இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாரு. இந்த ஊர்ல எதுக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிதானே, நாங்களும் சரின்னு கெளம்பிட்டோம். எதுவும் எழுத்துல கேக்கல. அதான் நாங்க பண்ண தப்பு.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலரைக்கு மடிவாளால பஸ் இறக்கி விட்டுச்சு. ஒரு ட்ரங்க் பெட்டி, ரெண்டு பேக், அம்மா கட்டிக் குடுத்த பருப்புப்பொடி டப்பா, பக்கெட். பக்கெட் இங்கயே வாங்கிக்கலாம்னு நான் சொன்னத யாரும் கேக்கல. பக்கத்துல இருக்கற எஸ்.ஜி.பாளையாவுக்கு ஆட்டோக்காரர் 250 கேட்டாரு, அப்பா சேலம் கணக்குல 60-ல ஆரம்பிச்சாரு, கடைசில 180.

பிஜி கேட் பூட்டியிருந்தது. அரை மணி நேரம் கழிச்சு கேர்டேக்கர் கண்ண கசக்கிட்டு வந்து நோட்ட புரட்டிப் பாத்துட்டு, உங்க பேர் 1-ஆம் தேதிலதான் இருக்குன்னு ஹிந்தில சொல்றாரு. மேனேஜருக்கு போன் போட்டு, அவர் தூக்கக் கலக்கத்துல ஏதோ சொல்லி, கடைசில 402-ஐ தொறந்து விட்டாங்க. எனக்கு எழுதியிருந்தது 304. அதுல இருக்கற பொண்ணு 31-ஆம் தேதிதான் காலி பண்றாளாம். அப்போ ரூம் இருக்குன்னு சொன்னது எந்த ரூம்?

402 தண்ணி டேங்குக்கு நேர் கீழ. காலைல ஆறு மணிக்கு மோட்டர் போட்டா கட்டில் அதிரும். மெத்தைல பிளாஸ்டிக் கவர் பிரிக்கவே இல்ல, பிரிக்கக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்க, அதனால அஞ்சு நாளும் திரும்பிப் படுக்கறப்பெல்லாம் சரக் சரக்குனு சத்தம். பாத்ரூம்ல கீசர் சுவிட்ச் ஒரு ஓரம் உருகி பழுப்பா போயிருந்தது. நான் அத பாத்தேன், தொட பயமா இருந்தது, தொடல. போட்டோ எடுக்கணும்னு தோணல. மாடில சோலார் இருக்கே அந்த சுடுதண்ணி வரும்னு பாத்தா, ஜூலைல பெங்களூர் வானம் எப்ப வெயில காட்டிச்சு, வந்தது ஐஸ் தண்ணிதான்.

அப்பா சும்மா இருக்க மாட்டாம 304 சைஸ்லயே இருக்கற பக்கத்து ரூம்ல தரைல டைல்ஸ் எண்ண ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டடி டைல், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் எட்டு, மொத்தம் 192 சதுர அடி, மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 64. 2024-ல பிபிஎம்பி (அப்போ இருந்த பெங்களூர் மாநகராட்சி) பிஜிங்களுக்கு போட்ட ரூல்ல ஆளுக்கு குறைஞ்சது 70 சதுர அடி வேணும், ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி தரணும்னெல்லாம் இருக்கு. "ஆறடி கம்மி கண்ணு"ன்னு சொல்லிட்டு மத்தியானம் பஸ் ஏறிட்டாரு. அந்த ஆறடிய வச்சு நான் என்ன பண்றது.

சரி, அசல் விஷயத்துக்கு வரேன். அந்த அஞ்சு நாளும் நான் அந்த பில்டிங்ல இருந்தேன், ஆனா அவங்க கணக்குல இல்ல. வைஃபை பாஸ்வேர்ட் கேட்டா 1-ஆம் தேதி ஐடி கிரியேட் ஆகும். சாப்பாடு கேட்டா ஹெட் கவுன்ட்ல நீங்க இல்ல. கேட்டுல கைரேகை வைக்கற மெஷின், அதுலயும் 1-ஆம் தேதிதான் ஏத்துவாங்க, அதுவரைக்கும் வெளிய போறதுக்கும் உள்ள வர்றதுக்கும் கேர்டேக்கருக்கு போன். செவ்வாக்கிழமை ராத்திரி கிளாஸ் பசங்களோட சாப்பிடப் போயிட்டு பத்தேகாலுக்கு வந்தா பத்து மணிக்கே கேட் லாக், தூறல் வேற, பதினோரு தடவ கூப்பிட்டேன் அவர் எடுக்கவே இல்ல. உள்ள இருந்து தண்ணி கேன் எடுக்க வந்த ஒரு அக்கா கண்ணாடி வழியா பாத்துட்டு கன்னடத்துல ஏதோ கேட்டாங்க, நான் முழிச்ச முழில அவங்களே "தமிழா?"ன்னாங்க. தொறந்துட்டாங்க. ஈரோடு அவங்க, முதல் மாடி, இப்ப எனக்கு எல்லாமே அவங்கதான்.

சாப்பாட்டையும் அதே மாதிரி ஒருத்தங்கதான் காப்பாத்தினாங்க. சமையல்ல இருக்கற அக்கா கிருஷ்ணகிரி பக்கம், நான் சேலம்னு சொன்னதும் கவுன்ட்டாவது ஒன்னாவதுன்னு தட்டுல இட்லி வச்சாங்க. சாம்பார் வெல்லம் போட்ட பெங்களூர் சாம்பார், முதல் நாள் பாயசத்துல பருப்பு விழுந்த மாதிரி இருந்தது, இப்போ பழகிடுச்சு. சித்ரான்னம் நிஜமாவே நல்லா இருக்கும், அதுக்கு மட்டும் ஒரு ஸ்டார் தனியா.

1-ஆம் தேதி 304-க்கு மாறினேன், கைரேகை, வைஃபை எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சது. கூடவே ஒரு துண்டு சீட்டு. 5 நாள், நாளுக்கு 600, மொத்தம் 3,000, அதுக்கு மேல 12 பர்சென்ட் ஜிஎஸ்டி 360. மாச வாடகைய நாள் கணக்குல வகுத்தா 5 நாளுக்கு 1,530 சொச்சம்தான் வரும், இவங்க போட்டது அதுக்கு டபுள். எங்க பெரியப்பா பையன் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கான், அவன்கிட்ட கேட்டா, மாசம் 20,000-க்குள்ள வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கறவங்கன்னா ஜிஎஸ்டி கிடையாது, 2024 ஜூலைல இருந்தே அப்படித்தான், இவங்க அந்த 5 நாள தனியா பிரிச்சு லாட்ஜ்ல தங்கின மாதிரி காட்டறாங்க, அக்ரிமென்ட்லயே 27-ஆம் தேதின்னு போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுன்னான். சரி ஜிஎஸ்டி கட்டறேன், நம்பர் போட்ட பில் குடுங்கண்ணான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு, பேனாவ எடுத்து 360-ஐ அடிச்சுட்டாரு. 3,000 குறையல.

இதோட முடிஞ்சதுன்னு நெனச்சா, ஒரு வாரம் கழிச்சு 402-ல கீசர் சுவிட்ச் உருகிடுச்சு, 1,200 ஆகும், டெபாசிட்ல கழிச்சுக்கறோம்னு வாட்ஸ்அப். எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நேரா ஆபீஸ் ரூமுக்குப் போய் ரிஜிஸ்டர எடுங்கண்ணான்னேன். எடுத்தாரு. 402-ல என் பேர் எங்க இருக்கு காட்டுங்கன்னேன். புரட்டறாரு, புரட்டறாரு, இல்ல. எப்படி இருக்கும், ஒரு எடத்துலயும் என்ன எழுதலையே, சோறு குடுக்கல, கதவு தொறக்கல, இருந்த மாதிரியே காட்டல, இப்போ சுவிட்சுக்கு மட்டும் நான் இருந்தேனா? ஈரோடு அக்கா வேற வாசல்ல வந்து நின்னுக்கிட்டாங்க. "சரி விடும்மா"ன்னுட்டாரு. மெசேஜயும் டெலீட் பண்ணிட்டாரு, ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு.

மத்தபடி பிஜி மோசம் இல்ல. க்ளீனிங் தினம் நடக்குது, சிசிடிவி இருக்கு, பொண்ணுங்களுக்கு பயமில்லாத தெரு, காலேஜுக்கு நடந்தே போயிடலாம். தண்ணி டேங்கர் வர்ற அன்னிக்கு மட்டும் சீக்கிரம் குளிச்சுடணும். ரெண்டு தேதிக்கு நடுவுல மாட்டாம 1-ஆம் தேதியே வர்றவங்களுக்கு 5-க்கு 3.5 குடுப்பேன். முன்னாடியே வர்றவங்களுக்கு 2, அதுல ஒன்னு கிருஷ்ணகிரி அக்காவுக்கு. அப்படி வந்துதான் ஆகணும்னா அட்வான்ஸ் குடுக்கறப்பவே அக்ரிமென்ட்ல வர்ற தேதிய மாத்தச் சொல்லுங்க, முடியாதுன்னா எந்த ரூம், நாளுக்கு எவ்ளோ, சாப்பாடு உண்டா, கேட் யார் தொறப்பாங்கன்னு மேனேஜர் நம்பர்லருந்தே ஒரு மெசேஜ் வாங்கிக்கோங்க. பெட்டிய வைக்கறதுக்கு முன்னாடி ரூம ஒரு வீடியோ எடுத்துடுங்க, சுவிட்ச் போர்டு உட்பட.

402-ல அந்த சுவிட்ச் இன்னும் மாத்தல. போன வாரம் ஒரு ஒடிசா பொண்ணு ரெண்டு பெட்டியோட மேல ஏறிட்டு இருந்தா, தேதி 26. பாத்ரூம் போய் போட்டோ எடுன்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தில சொன்னேன், அவ என்ன ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா.