ஒரே நாளில் வெளியீடா, நாடு நாடாக வெளியீடா?

புதிய மசாலாப் பொடியைக் கென்யா, நைஜீரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டை நிறுவனத்தார் பலருக்கும், மூன்றிலும் ஒரே நாளில் வெளியிடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதா என்ற தயக்கம் உண்டு.

அனுமதி: இதுவே தலையாய அளவுகோல். நைஜீரியாவில் அந்நாட்டு உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான நாஃப்டாக்கின் பதிவும், இந்தோனேசியாவில் அதேபோன்ற அமைப்பான பிபிஓஎம்மின் பதிவும் வேண்டும். கென்யாவுக்கோ சரக்கு கப்பலேறும் முன்பே தரச்சோதனை முடிய வேண்டும். ஒரே நாளில் வெளியிட்டால், கடைசியாக வரும் அனுமதிக்காக மற்ற இரு நாட்டுச் சரக்கும் கிடங்கில் காத்திருக்க, பொடியின் ஆயுட்காலம் அங்கேயே கரையும். நாடு நாடாகச் சென்றால், அனுமதி கிடைத்த உடனே தூத்துக்குடியிலிருந்து அனுப்பிவிடலாம்.

செலவு: ஒரே நாள் வெளியீட்டுக்குப் பெருமுதல் ஒரே நேரத்தில் தேவை, நாடு நாடாகச் சென்றால் முதல் நாட்டின் வரவே அடுத்த நாட்டுக்கு உதவும்.

நாணயம்: 2023 ஜூனில் நைஜீரியா மாற்று விகிதக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் அதன் நாணயமான நைரா கடுமையாகச் சரிந்தது. மூன்று நாடுகளிலும் ஒரே நேரத்தில் முதலிட்டிருக்கையில் அத்தகைய அதிர்ச்சியைத் தாங்கச் சிறு நிறுவனங்களிடம் வலுவில்லை என்பதே என் கவலை.

போட்டி: இதில் மட்டும் ஒரே நாள் வெளியீடே மேல்; போட்டியாளர் நகலெடுத்து அடுத்த நாட்டில் முந்திக்கொள்ள இடமிராது.

ஆகவே, எளிதில் நகலெடுக்கத்தக்க பொருளும் மூன்று நாட்டிலும் நம்பகமான விநியோகஸ்தரும் உடையவர்களுக்கு ஒரே நாள் வெளியீடு பொருந்தும். மற்றவர்கள் ஆங்கில உறையே போதுமான கென்யாவில் தொடங்கலாம். வணிகக்குறியை மட்டும் மூன்று நாடுகளிலும் முதலிலேயே பதிவுசெய்துவிட வேண்டும்.