கைரேகை பார்த்து என் பிள்ளையின் மூளையை அளந்தவர்கள்

சேலத்தில் இருக்கிறோம். எங்கள் பையனுக்கு (வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்) நாலு வயதிலேயே பேப்பர் தலைப்புச் செய்தி வாசிக்க வந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றால் எந்த நம்பர் டவுன் பஸ் எங்கே போகும் என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்கே சொல்லுவான். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு தினமும் டைரியில் புகார். "எழுதச் சொன்னால் எழுதாமல் எதிர்க்கேள்வி கேட்கிறான்." வீட்டில் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நானும் வீட்டுக்காரரும் தவித்த நேரம் அது. அந்தத் தவிப்பைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

போன வருடம் ஏப்ரலில் பள்ளியிலேயே ஒரு பெற்றோர் கூட்டம். ஒரு 'மூளைத்திறன் மையம்' வந்து பேசியது. பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்தால் பிள்ளையின் பிறவித் திறமை தெரியுமாம். பெயர் டி.எம்.ஐ.டி. டெஸ்ட். கட்டணம் 6,500 ரூபாய். பள்ளிக்குள்ளேயே நடப்பதால் சந்தேகமே வரவில்லை. நாற்பது பக்க கலர் ரிப்போர்ட் கொடுத்தார்கள். "உங்க பையன் கிஃப்டட் சைல்டு, பிறவியிலேயே தனித்திறமை உள்ள பிள்ளை. இப்பவே தூண்டிவிடலைன்னா எட்டு வயசோட அந்தக் கதவு மூடிடும்" என்றார் கவுன்சிலர். அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள், நடுமூளையைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' கோர்ஸுக்கு 35,000 ரூபாயை ஜிபே செய்தேன். ஒரு தனி ஆளின் நம்பருக்கு. ரசீது கேட்டேன், தரவேயில்லை.

கோர்ஸ் முடிந்த அன்று மேடையில் தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு சீட்டின் நிறத்தைச் சொன்னான், எண்ணை வாசித்தான். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதோடு விடவில்லை. அவர்களே கைகாட்டிய ஒரு பள்ளியில் 'கிஃப்டட் பேட்ச்' இருக்கிறது, நேராக மூன்றாம் வகுப்பில் போடுவார்கள் என்றார்கள். அதற்கு நன்கொடை 60,000. அதையும் கொடுத்துச் சேர்த்தோம்.

வீட்டில் என் மாமனார் வந்திருந்தபோது தாத்தாவுக்குச் செய்து காட்டச் சொன்னோம். கண்ணைக் கட்டினேன். தம்பி வழக்கம்போல முகவாயைத் தூக்கி, சீட்டை மூக்குக்குக் கீழே பிடித்தான். சரியாகச் சொன்னான். மாமனார் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கி அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். "இப்ப சொல்லுப்பா." தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கட்டை அவிழ்த்தால் துணி நனைந்திருக்கிறது. "மூக்குப் பக்கத்துல சந்து வழியா தெரியும்மா. வீட்டுல சொன்னா பவர் போயிடும்னு சார் சொன்னாரும்மா" என்று தேம்பினான். மூன்று மாதமாக அந்தப் பொய்யைத் தனியாகச் சுமந்திருக்கிறான், ஆறு வயசுக் குழந்தை. பணத்தை விட இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று ராத்திரி இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோர்ஸ் முடிந்ததும் மறுபடி ரேகை எடுத்து 'முன்னேற்ற ரிப்போர்ட்' என்று ஒன்று தந்திருந்தார்கள். முதலில் தர்க்கத் திறன் 14 சதவீதம், இரண்டாவதில் 19. கைரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவது, பிறகு மாறாது. மாறாத ரேகையிலிருந்து எண் எப்படி ஏறும்? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். டி.எம்.ஐ.டி.க்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. கண்கட்டு வித்தையை மங்களூர் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் பல இடங்களில் அம்பலப்படுத்தியிருக்கிறார்.

புதுப் பள்ளியில் நடந்தது தனிக் கொடுமை. தனி பேட்ச் என்று ஒன்றும் இல்லை. சாதாரண மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். பாடம் புரிகிறது, ஆனால் எட்டு வயசுப் பிள்ளைகள் வேகத்துக்கு அவன் கை எழுதவில்லை. நகம் கடிக்க ஆரம்பித்தான், படுக்கை நனைத்தான். அக்டோபரில் நிறுத்திவிட்டோம்.

இப்போது முறையான உளவியலாளரிடம் போனோம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேட்டால் தருவார்கள், இணையத்தில் சரிபார்க்கலாம். அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் டெஸ்ட், இரண்டு நாள், பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, புதிர் கொடுத்து. வாசிப்பும் கணக்கும் வயதுக்கு வெகுவாக முன்னால். எழுத்தும் மனசும் ஆறு வயசுதான் என்றார். இப்படி ஒன்று முந்தியும் ஒன்று வயதோடும் வளர்வது இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பாம். "வகுப்பு தாண்டாதீங்க. கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரவிடும் பள்ளி எதுன்னு பாருங்க" என்றார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். கணக்கு பீரியடுக்கு நாலாம் வகுப்பு, மற்ற நேரம் தன் வயசுப் பிள்ளைகளோடு. சனிக்கிழமை மாவட்ட நூலகம். நகம் கடிப்பது நின்றுவிட்டது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13: தொடக்கக் கல்விச் சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 வரை. அந்த 60,000 பற்றி, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மையத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். ரசீது தராதவர்களுக்கு எதிராக ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான் என் கையில் இருக்கும் சாட்சி. தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள்.

இந்த வருடமும் ஏப்ரலில் பள்ளிகளில் மேஜை போடுவார்கள். உங்கள் பள்ளிக்கு வந்தால் தலைமை ஆசிரியரிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். எங்கள் வழக்குக்கு முதல் வாய்தா அடுத்த மாதம். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.