இன்க்ளிசிரான் ஊசி: என் கொழுப்புக்கு எட்டிய மருந்து, அத்தானின் கல்லீரலுக்கு எட்டாதது ஏன்?

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் ஊசியை நான் போட்டுக்கொள்ளத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது முறை. சிரிஞ்சுக்குள் இருப்பது ஒன்றரை மில்லிலிட்டர் தெளிந்த திரவம். அதில் 284 மில்லிகிராம் மருந்து. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஏற்றுகிறார்கள். போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்து வலித்ததைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. மாத்திரைக்கு அடங்காதிருந்த எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கொழுப்பு மருந்தாக இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அத்தானுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, கல்லீரலுக்கே நேராகப் போய் ஒரு மரபணுவை முடக்கும் மருந்து எனக்கு இருக்கும்போது அவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வைச் சிறு ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றால் அடையாளம் காட்டி, செல்லைக் கொண்டே வெட்டிப்போடச் செய்வதுதான் இதன் அடிப்படை. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் புழுக்களில் இதை விளக்கி, 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த வழியில் வந்த முதல் மருந்தான பட்டிசிரானுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

என் ஊசியின் உண்மையான திறமை வெட்டுவதில் அல்ல, சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்வதில் இருக்கிறது. மருந்தோடு பிணைத்திருக்கும் கால்நாக் என்ற சர்க்கரையை, கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் ஓர் ஏற்பி (குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம்) பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அத்தானின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: இயல்பு திரிந்து முற்றிய புற்றுச் செல்களில் அந்த ஏற்பி குறைந்துபோகிறது. நல்ல செல்லைத் தேடிப் போகும் மருந்து, கெட்ட செல்லின் வாசலில் நின்றுவிடுகிறது. மேலும், கொழுப்பு இறங்குவதற்குப் பெரும்பாலான செல்கள் இணங்கினாலே போதும். புற்றுநோயிலோ தப்பிய சில செல்கள் மறுபடி வளர்ந்துவிடும். புற்றை வளர்க்கும் மரபணுக்களும் ஒன்றிரண்டல்ல.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. கொழுப்பு நுண்துகளில் பொதிந்து இரண்டு மரபணுக்களை ஒருசேரக் குறிவைத்த ஒரு மருந்தை 41 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கருப்பைப் புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்த ஒருவருக்குக் கட்டிகள் முழுதும் மறைந்தன; அந்த வரியை நான் பலமுறை படித்தேன். புற்று வளரத் தூண்டும் மிக் (MYC) என்ற மரபணுவைக் குறிவைத்த வேறொரு மருந்தோ, எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2016இல் கைவிடப்பட்டது.

ஆகவே, கல்லீரல் புற்றுக்கு மரபணு முடக்க ஊசி தயாராக இருப்பதாக யாரேனும் விற்க வந்தால், அது பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனைதானா என்று கேட்காமல் இசைய வேண்டாம்; இந்த நோய்க்கென அனுமதி பெற்ற அத்தகைய மருந்து இதுவரை இல்லை. அத்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளை ஏற்றிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம், புதிய சோதனை எதிலாவது சேர முடியுமா என்று நான் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.