குதிரை எரு என்று நம்பி 76,500 ரூபா கொடுத்தேன்: தோட்டக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் தோட்டத்தில் கடந்த ஐந்து வாரங்களில் நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் என்னை ஏமாற்றிய அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பலரும் பொருட்களை வாங்கி விற்கும் ஓர் இணையத்தளத்தில்தான் அதைக் கண்டேன்; பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை. எரு வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை முடிவில் விபரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்பில், களுதாவளைப் பக்கம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரை மணல் எப்படிப்பட்டது என்று இங்கே தோட்டம் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் இறைத்த தண்ணீர் மத்தியானத்தில் வேரடியில் நிற்காது. போட்ட பசளையும் அந்தத் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்ட மாதங்களில் பட்ட பாட்டுக்குப் பிறகு, கால் ஏக்கர் மரக்கறித் தோட்டத்தையும் இரண்டு பசுக்களுக்காக வைத்திருக்கும் அரை ஏக்கர் புல் நிலத்தையும் எருவை நம்பியே நடத்தி வருகிறேன். இம்முறை மாட்டெரு போதவில்லை. குதிரை எருவில் நார் அதிகம், நன்றாக மக்கினால் மணலைப் பிடித்து வைத்திருக்கும் என்று படித்திருந்ததால், "மலைநாட்டுக் குதிரை லாயங்களில் இரண்டு வருடம் மக்கிய எரு, 25 கிலோ பொதி 430 ரூபா" என்ற விளம்பரம் என் கண்ணை இழுத்துவிட்டது.

விளம்பரம் போட்ட அந்த மனிதரை நான் நம்பிய நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்ணிற நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள குதிரை ஒன்று நிற்க, அதன் பக்கத்தில் ஒருவர் கறுத்த எருவை முள்ளுக் கவையால் அள்ளும் காணொளி ஒன்றை அனுப்பினார். அதற்காகக்கூட நான் நம்பவில்லை. தொலைபேசியில் பேசும்போது, "அக்கா, உங்கட மண் கடற்கரை மணலா, களியா? கிணத்துத் தண்ணி உப்பா?" என்று அவர் கேட்டார். இத்தனை வருடத்தில் எரு விற்க வந்த ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்விகள் அவை. மண்ணைப் பற்றிக் கேட்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். "முதல்ல ரெண்டு பொதி எடுத்துப் பாருங்கக்கா" என்று என் தம்பி சொன்னான்; லொறி அன்றிரவே புறப்படுகிறது, பிறகு ஒரு மாதம் ஆகும் என்று அந்த மனிதர் சொன்னார். 150 பொதிக்கு 64,500 ரூபா, லொறிக் கூலி 12,000 ரூபா, ஆக 76,500 ரூபாவையும் அன்று மாலையே வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

லொறி வந்தது அடுத்த நாள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. இறக்கியதும் முன்னால் கிடந்த இரண்டு பொதிகளை ரோச் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் மணத்தோடு இருந்தது. காலையில் கூலியாட்கள் நடுவிலிருந்த பொதிகளைப் பிரித்தபோதுதான் கையை உள்ளே விட்டேன். வெந்நீர்ப் பானையைத் தொட்டது போலச் சுட்டது. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. அள்ளிய கையில் முக்கால்வாசி வெளிறிய மரத்தூள், அதற்குள் உடையாத பச்சைச் சாண உருண்டைகள், ஒரு நைலோன் கயிற்றுத் துண்டு. உடனே அழைத்தேன். "அது குதிரைக்குப் போடுற படுக்கை அக்கா, மண்ணில போட்டு ரெண்டு தரம் தண்ணி விட்டால் கரைஞ்சிரும்" என்றார். அந்த வார்த்தையையும் நம்பி கொச்சிக்காய்ப் பாத்திகளுக்கும் கத்தரிக்கும் போட்டேன், புல் நிலத்தில் பாதிக்கும் பரப்பினேன். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பத்தாம் நாள் கொச்சிக்காய்க் கன்றுகளின் அடியிலைகள் மஞ்சளாகின. மூன்றாம் கிழமைக்குள் கத்தரியும் வளர்ச்சி நின்று குன்றிப்போனது. விவசாயப் போதனாசிரியர் வந்து பாத்தியைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன். மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்கு 200 பங்குக்கும் மேல் காபன் இருக்கிறது. அதை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தங்களுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கிறது. பச்சைச் சாணத்தின் அமோனியா இளம் வேரைக் கருக்குகிறது. மாடு அசைபோடுவது போலக் குதிரை அசைபோடாது, அதன் வயிற்றில் புல் விதைகள் பல சாகாமல் வெளியே வந்துவிடும். 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் குவியலில் பல நாட்கள் கிடந்து, பல தடவை புரட்டப்பட்டால்தான் அவையும் புழு முட்டைகளும் அழியும். என் பாத்திகளில் இதுவரை கண்டிராத களைகள் முளைத்திருப்பதற்கு அதுதான் காரணம். எரு விழுந்த இடத்துப் புல்லை என் பசுக்கள் முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன, ஆகவே இப்போது புல்லையும் காசு கொடுத்து வாங்குகிறேன்.

எரு விற்றவருடைய பதில்களையும் கேளுங்கள். முதலில் "இரண்டு கிழமை பொறுங்க அக்கா" என்றார். பிறகு என் மண்ணில்தான் பிழை என்றார். மண்ணைப் பற்றி அவ்வளவு அக்கறையாகக் கேட்டது இதற்குத்தானா? அதன் பிறகு லொறிக்காரர் பொதிகளை மாற்றியிருப்பார் என்றார். லொறிக்காரரைக் கேட்டால், ஏற்றச் சொன்னதை ஏற்றினேன் என்கிறார். நான்காவது முறை வேறொருவர் எடுத்து, "அவர் ஊரில் இல்லை" என்றார். அன்றிலிருந்து என் இலக்கம் தடுக்கப்பட்டிருக்கிறது. இணையத்தளத்துக்குப் படங்களோடு மூன்று முறை எழுதினேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே பதில், ஓர் எழுத்தும் மாறாமல் மூன்று முறையும் வந்தது. 76,500 ரூபா என்பது எனக்குப் பல மாதப் பால் காசு. பாழாய்ப்போன கன்றுகளையும் கூலியையும் நான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. வங்கிப் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன், நாளை அனுப்புவேன்.

விபரமாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் மீதிப் பொதிகளை மழைக்கு முன் மாட்டுச் சாணத்தோடு கலந்து குவித்து மூட வேண்டியிருக்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். எருவைக் காணாமல் முற்பணம் அனுப்பாதீர்கள். இரவில் இறக்க விடாதீர்கள். நடுப்பொதியைப் பிரித்துக் கையை உள்ளே விடுங்கள். சுட்டாலோ மூத்திர நெடி அடித்தாலோ அது மக்கவில்லை. மரத்தூள் நிறைய இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பாத்தியில் போடுவதற்கு முன் ஒரு சட்டியில் எருவையும் மண்ணையும் கலந்து பத்துப் பயற்றை விதைகளை நட்டு மூன்று கிழமை பாருங்கள், இலை சுருண்டாலோ மஞ்சளானாலோ தொடாதீர்கள்.

இன்று காலை அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது விற்பவரின் பெயர் மாறியிருந்தது, விலை 460 ரூபாவாகியிருந்தது. காணொளியில் நிற்பது நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள அதே குதிரைதான்.