251/22 ரெசின் செட்: பீரங்கி அருமை, கவசத்தட்டை நீங்களே செய்யுங்கள்

டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பனியின் 1/35 அளவு 251/1 டி வகை அரைச்சங்கிலி வண்டியை (முன்னே சக்கரமும் பின்னே சங்கிலியும் உள்ள, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் வண்டியின் மாடல்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஏற்றிய 251/22 வகையாக மாற்ற ஐரோப்பியக் கம்பனி ஒன்று விற்கிற ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களின் செட்டை வாங்கிக் கட்டி முடித்துவிட்டேன். மட்டக்களப்பில் இதற்கென்று கடை இல்லை. தபாலில் வரவேண்டும், வரியும் கட்டவேண்டும். அதனால் காசு கொடுக்குமுன் எது சரி, எது பிழை என்று தெரிந்துகொள்வது நல்லது.

1944 கடைசியில் ஜெர்மன் படைக்கு டாங்கி எதிர்ப்பு வண்டிகள் போதவில்லை. அப்போதுதான் இழுத்துச் செல்லும் 7.5 செ.மீ. பாக் 40 என்ற டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் சக்கரங்களையும் பின்கால்களையும் கழற்றிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் இந்த வண்டிக்குள் ஏற்றினார்கள். ஆட்களை ஏற்றிப்போகச் செய்த வண்டிக்கு அது பெரிய பாரம். உள்ளே இரும்பு உத்திரங்கள் வைத்து அதன்மேல் பீரங்கியை இருத்தினார்கள். அது இடிக்காமல் திரும்புவதற்காக ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கூரையில் ஒரு பகுதியை வெட்டினார்கள். முன் மெஷின்கன் போய்விட்டது, பின்னுள்ளது இருந்தது.

இதிலெல்லாம் செட்டில் குறை சொல்ல முடியாது. உத்திரங்கள் அளவாகப் பொருந்துகின்றன. கூரைக்குத் தனித்துண்டு தந்திருப்பதால் டமியா பிளாஸ்டிக்கில் கத்தி வைக்கவே தேவையில்லை. பீரங்கிக் குழாயை அலுமினியத்தில் கடைந்து கொடுத்திருக்கிறார்கள், பின்னுதைப்பைக் குறைக்க அதன் நுனியில் இருக்கும் முனைத் தடுப்பின் துளைகள்கூட உள்ளே திறந்திருக்கின்றன.

பீரங்கிக்காரர்களை மறைக்க முன்னால் நிற்கும் கவசத்தட்டுத்தான் பிழை. பாக் 40 இன் தட்டு ஒற்றைத் தகடு இல்லை. 4 மி.மீ. தகடுகள் இரண்டு, நடுவில் 25 மி.மீ. இடைவெளி. 1/35 இல் அது 0.1 மி.மீ. தகடும் 0.7 மி.மீ. இடைவெளியுமாக வரவேண்டும். செட்டில் இருப்பதோ ஒரே கட்டி ரெசின். கல்லடியில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டுத் தம்பி, இந்தப் பீரங்கியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், "இதென்ன அண்ணன், சிலேட்டு மாதிரி இரிக்கு" என்றான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இந்த விளிம்புதான், அது தடித்துப்போனால் மற்ற வேலையெல்லாம் வீண்.

சோடா டின்னின் தகடு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தடிப்பு. டின்னை வெட்டி விரித்து, நிறத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுங்கள். ரெசின் தட்டையே அச்சாக வைத்து இரண்டு துண்டு வெட்டி, இடையில் பிளாஸ்டிக் பட்டித் துண்டுகளைச் சுப்பர் குளூவால் ஒட்டினால் சரி. விளிம்பில் அந்த மெல்லிய இடைவெளி தெரியும்போது வண்டியே வேறாகிவிடுகிறது.

அப்புறம் விளக்கத்தாள். அதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. முழு வண்டியையும் கருஞ்சாம்பல் நிறத்தில் காட்டுகிறது. 1943 பெப்ரவரியிலேயே அடிநிறம் கடும் மஞ்சளுக்கு மாறிவிட்டது, பச்சையும் செம்பழுப்பும் அதன்மேல் வருபவை. டெக்கலில் (ஒட்டும் சின்னத்தாளில்) ஜெர்மனியின் ஆப்பிரிக்கப் படையின் ஈச்சமரச் சின்னமும் இருக்கிறது. அந்தப் படை 1943 மே மாதம் துனீசியாவில் சரணடைந்தது, இந்த வண்டி பிறந்ததோ அதற்கு ஒரு வருடத்துக்கும் பிறகு. இவ்வளவு அழகாகக் குழாய் கடையத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு தேதிகளைப் பார்த்திருக்கலாம். டி வகைக்கு முந்திய சி வகை வண்டிக்கும் இந்தச் செட்டைப் போடலாம் என்று தாளில் எழுதியிருப்பதையும் நம்பவேண்டாம். நான் பார்த்த பழைய படங்களிலெல்லாம் டி வகைதான்: பின்கதவுகள் தட்டை, பக்கப் பெட்டிகள் உடலோடு சேர்ந்தவை. சி வகையின் பின்கதவுகள் வெளியே புடைத்திருக்கும்.

வாவிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: மாரியில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும், மஞ்சள் நிறத்தின் மேல் அது அசிங்கமாகத் தெரியும். வெயில் வரும்வரை மூடி வையுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்கும் கூரைத் துண்டுக்கும். தகடு வெட்டப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டி அலுமாரியில் வைக்க நினைப்பவர்களுக்கு இந்த விலை அதிகம்.