‘பனி உறுதி’ என்று விற்கப்படும் ஔலி பேக்கேஜ்: சேலத்தில் பணம் கட்டும் முன் படிக்கவும்

ஔலி, மணாலி, குல்மார்க் என்று வடக்கே உள்ள பனிச்சறுக்கு ஊர்களுக்குச் சேலத்திலிருந்தே ஆள் சேர்த்து அனுப்பும் டிராவல்ஸ்கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றில் பணம் கட்டி, 2024 பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு உத்தராகண்டில் உள்ள ஔலிக்குப் போய், சறுக்கும் அளவுக்குப் பனியைப் பார்க்காமலேயே திரும்பினோம். அந்த நிறுவனத்தின் மீது நாங்கள் கொடுத்த புகார் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் விற்ற விதத்தைத் தெரிந்துகொள்வதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். அதே சொற்களோடு, அதே போன்ற படங்களோடு, வேறு பெயர்களிலும் விளம்பர நோட்டீஸ்கள் வந்துகொண்டிருக்கின்றன.

எங்களுக்கு விற்கப்பட்டது இதுதான்: ஔலி பனிச்சறுக்கு ரிசார்ட்டில் தங்கல், பயிற்சியாளரோடு பனிச்சறுக்கு, மலையில் ஔலிக்குக் கீழே உள்ள ஜோஷிமத் நகரிலிருந்து ஔலிக்கு ரோப் கார் பயணம், டேராடூன் விமான நிலையத்திலிருந்து கார், மூன்று வேளைச் சாப்பாடு. எல்லாம் சேர்த்துத் தலைக்கு 36,500 ரூபாய். விமானக் கட்டணம் தனி. நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன் என நால்வருக்கும் 1,46,000 ரூபாய் கட்டினோம். நோட்டீஸின் தலைப்பில் ‘பனி உறுதி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பனி பெய்யாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று அலுவலகத்தில் நேரிலேயே கேட்டேன். “ஜனவரியில பனி இல்லாம எப்படி சார் இருக்கும்? போன வாரம் கூட நம்ம பார்ட்டி போயிட்டு வந்தாங்க. வீடியோ அனுப்புறேன், பாருங்க” என்றார் அங்கிருந்தவர். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வீடியோவும் வந்தது. அதில் வெள்ளை வெளேரென்ற சரிவும், அதில் சறுக்கி இறங்கும் ஆட்களும், பின்னால் கம்பியில் மெல்ல மேலேறும் ரோப் கார் பெட்டியும் தெரிந்தன.

அந்த ரோப் கார் பெட்டிதான் பிறகு எங்களுக்கு முக்கியமான சான்றாக ஆனது. ஜோஷிமத் நகரில் நிலம் புதையத் தொடங்கி, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்து, மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது 2023 ஜனவரியில். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரோப் காரையும் அப்போதே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோதும் அது ஓடவில்லை. ஆகவே, ரோப் கார் ஓடுவதாகக் காட்டும் ஒரு வீடியோ ‘போன வாரம்’ எடுக்கப்பட்டதாக இருக்கவே முடியாது. குறைந்தது ஓராண்டாவது பழையது. ஓடாத ரோப் காருக்கும் சேர்த்தே எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை நாங்கள் அறிந்தது ஜோஷிமத்தில் விடுதிப் பணியாளர் ஒருவர் சொன்ன பிறகுதான்.

இரண்டாவது ஏமாற்று, தங்குமிடம். ‘ஔலி ரிசார்ட்’ என்று வவுச்சரில் அச்சிட்டிருந்தாலும் எங்களை இறக்கிவிட்டது கீழே ஜோஷிமத் நகரில். இது ஏதோ சில கிலோமீட்டர் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜோஷிமத் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடு 1,515 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய உயரம் இல்லை. ஔலியின் சறுக்குச் சரிவுகள் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டரைத் தாண்டும். மேலே பனி நிற்கும் நாட்களிலும் கீழே நகரில் பெரும்பாலும் நிற்பதில்லை. ரோப் காரும் இல்லாதபோது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை வழியே தினமும் வேறு வண்டி பிடித்துப் போய்வர வேண்டும். எங்களை அழைத்து வந்த காரின் ஓட்டுநர் மேலே வர மறுத்துவிட்டார். மேலே போன வேறு வண்டியின் கூலியையும் நாங்களே கொடுத்தோம். அறையில் ஹீட்டருக்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘விமான நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரம்’ என்று சேலத்தில் சொன்னார்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோமீட்டர், அதுவும் முழுக்க மலைச்சாலை. தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, சமோலி என்று ஆற்றை ஒட்டியே வளைந்து செல்லும் அந்த வழியில், மண்சரிவும் சாலை விரிவாக்கப் பணியும் குறுக்கிடாத நாளிலேயே பத்து மணி நேரம் ஆகும். இரவில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. போக ஒரு முழு நாளும் வர ஒரு முழு நாளும் காரிலேயே கழிந்துவிடும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான், அந்தப் பயணம் தன் குடும்பத்துக்கு ஏற்றதா என்று ஒருவரால் முடிவு செய்ய முடியும். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்றான தேவப்பிரயாகையில் இறங்கித் தரிசனம் செய்வதும் பயணத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. நேரம் இல்லை என்று சொல்லி ஓட்டுநர் அங்கே நிறுத்தவே இல்லை; என் மனைவிக்கு இன்றுவரை அதுதான் பெரிய வருத்தம்.

மேலே போய்ப் பார்த்தபோது சரிவு முழுவதும் காய்ந்த புல்லாக இருந்தது. நந்தாதேவி சிகரம் எதிரே தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காட்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு விற்கப்பட்டது பனிச்சறுக்கு. மரநிழல் விழும் ஒரு பள்ளத்தில் மட்டும், ஒரு வீட்டு முற்றத்தின் அளவுக்குப் பழைய பனி கிடந்தது. பகலில் உருகியும் இரவில் இறுகியும் அது கட்டிப் பனியாகியிருந்தது. மேலே மண்ணும் உதிர்ந்த இலைகளும் படிந்திருந்தன. அந்த இடத்தைச் சுற்றித்தான் கூட்டமாக நின்றார்கள். சறுக்குக் கட்டைகளை வாடகைக்குத் தருபவர்கள், ஒருவரை ஏற்றி, இரு கைகளையும் பிடித்துப் பத்தடி இழுத்து, படம் எடுத்து, அடுத்தவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வவுச்சரில் ‘பயிற்சியாளரோடு பனிச்சறுக்கு’ என்று எழுதியிருந்தது இதைத்தான் என்று, டிராவல்ஸின் உள்ளூர் ஆள் விளக்கினார்.

என் மகளுக்குக் கொடுத்த பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன அந்த பூட்ஸில் கணுக்காலுக்கு மேல் இருக்க வேண்டிய கிளிப் உடைந்துபோய், அந்த இடத்தைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சறுக்கும்போது திரும்புவதற்கும் நிற்பதற்கும் தேவையான விசை, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துவதால்தான் கட்டைக்குப் போய்ச் சேர்கிறது. கிளிப் இல்லாத பூட்ஸில் அது நடக்காது. அதைவிட ஆபத்தானது பூட்ஸைக் கட்டையோடு இணைக்கும் பூட்டு. விழும்போது அது தானே விடுபட வேண்டும். அதற்காக, சறுக்குபவரின் எடை, உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து அதன் இறுக்கத்தைத் திருகி அமைப்பார்கள். விடுபடாவிட்டால் நீளமான கட்டை காலைத் திருப்பி முழங்கால் தசைநார்களைக் கிழித்துவிடும். அங்கே யாரும் என் மகளின் எடையைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஜோடிதான் கைமாறியது. நான் அவளை ஏற விடவில்லை. தலைக்கவசம் எங்குமே கண்ணில் படவில்லை.

அங்கிருந்தே சேலத்துக்குப் போன் செய்தேன். “மழையும் பனியும் நம்ம கையிலயா சார் இருக்கு? இயற்கை சார்” என்று பதில் வந்தது. பனி பெய்யாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். எழுத்தில் ‘உறுதி’ என்று போட்டதும், ஓராண்டுக்கு முந்தைய வீடியோவைப் போன வாரத்தது என்று அனுப்பியதும், நின்றுபோன ரோப் காருக்குப் பணம் வாங்கியதும், ஔலி என்று சொல்லி ஜோஷிமத்தில் தங்கவைத்ததும் இயற்கையின் வேலை இல்லையே. இவை நான்கும் அவர்கள் தெரிந்தே செய்தவை.

இனிப் பணம் கட்டப் போகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டிய விதத்தைச் சொல்கிறேன். பனிச்சறுக்கு ஊர் ஒன்றின் மதிப்பை அறையின் படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சரிவில் பனி நிற்கிறதா, மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் ஓடுகிறதா, சரிவின் மீது உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற மூன்றுதான் அதன் மதிப்பு. மேற்கு இமயமலையில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்னும் காற்றழுத்த அமைப்புகள். அவை தாமதமானால் ஜனவரி நடுவிலும் மலை வெறுமையாகத்தான் இருக்கும். நாங்கள் போன அதே நாட்களில் குல்மார்க்கிலும் பனி இல்லை என்று செய்திகள் வந்தன. மாதக் கடைசியில்தான் பெய்யத் தொடங்கியது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக ஔலியில் செயற்கைப் பனி இயந்திரங்களை நிறுவி, அதற்கென ஒரு ஏரியும் வெட்டினார்கள். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இறங்கினால்தான் அவ்வகை இயந்திரங்கள் பயன்படும் என்பதால், அவற்றைக் காட்டி யாராவது உத்தரவாதம் தந்தால் ஏற்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும், பனி நம்பகமாக நிற்கத் தொடங்கும் காலத்துக்குச் சற்று முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. கோடை விடுமுறையோ மிகத் தாமதம். பிப்ரவரியில் போக வழியுள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் டிசம்பர், ஜனவரிப் பயணத்தை மலையைப் பார்க்கும் பயணமாக மட்டும் எண்ணி, அதற்கேற்ற விலையை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சாலை நேரத்தைக் குறைக்க விரும்புபவர்களுக்குக் குல்மார்க் ஏற்றது. ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து சாதாரண நாட்களில் இரண்டு மணி நேரம் போதும். புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவு ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கே கோண்டோலா எனப்படும் ரோப் காரின் டிக்கெட்டை அரசு நிறுவனம் இணையத்தில்தான் விற்கிறது. பேக்கேஜில் கோண்டோலா உண்டு என்று சொன்னால் உங்கள் பெயர் போட்ட டிக்கெட்டை முன்கூட்டியே கேளுங்கள். மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கிலும் நாங்கள் ஔலியில் கண்டதுபோல் கையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கும் வியாபாரம் உண்டு. உண்மையிலேயே சறுக்கக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு இந்தப் பேக்கேஜ்கள் எதுவும் தேவையில்லை. ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் என அரசு சார்ந்த அமைப்புகளே முறையான வகுப்புகளை நடத்துகின்றன. அவற்றின் கட்டணத்தைக் கேட்டறிந்து, டிராவல்ஸ் சொல்லும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், பதிவு செய்த வீடியோவை ஏற்காமல், சரிவில் நிற்கும் அவர்களுடைய ஆளிடமிருந்து நேரடி வீடியோ அழைப்பு வேண்டும் என்று கேளுங்கள். விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி, அது எந்த உயரத்தில் எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்களே வரைபடத்தில் பாருங்கள். விடுதிக்கே போன் செய்து உங்கள் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பனி இல்லாவிட்டால் தேதியை மாற்றித் தருவார்களா, எவ்வளவு பணம் திரும்பும் என்பதை வவுச்சரிலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் வவுச்சரின் அடியில் ‘வானிலை மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தலைப்பில் ‘பனி உறுதி’ என்றும் அடியில் இப்படியும் அச்சிட்டிருப்பதையே புகாரில் முதல் குறையாகக் காட்டியிருக்கிறோம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் பதிவு செய்யலாம். நோட்டீஸ், வவுச்சர், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல், வந்த போனிலேயே வைத்திருங்கள். நாங்கள் அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு, ரோப் கார் கட்டணம் என்று சொல்லி ஒரு சிறு தொகையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, மீதித் தொகைக்காகப் புகாரைத் தொடர்ந்து நடத்துகிறோம். இதே வகைப் பேக்கேஜில் 2024 ஜனவரியில் சேலத்திலிருந்து போனவர்களிடம் அந்த ரோப் கார் வீடியோ இருந்தால், அது வந்த தேதி தெரியும்படி அப்படியே பத்திரப்படுத்தி வையுங்கள். உங்கள் புகாருக்கும் அது சான்றாகும்.