மொஸ்காட்டோவா, ரீஸ்லிங்கா, இல்ல அத்தையோட ஜாடி வைனா?

வைன் பழக்கமே இல்லாதவங்களுக்கு இனிப்பா, லேசா எது சரிவரும்னு நாங்க ருசி பாத்த கதை இது. எங்க வீட்ல வைன்னா அது அத்தை கிறிஸ்மஸுக்கு ஒரு மாசம் முந்தியே பிளம்ஸும் சீனியும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில கட்டி வைக்கிறது தான், அதைத் தவிர வேற எதையும் நாங்க தொட்டதில்ல. ஒருக்கா நுவரெலியாவுல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல வெள்ளை வைன் குடுத்தாங்க, ஒரு வாய் குடிச்சிட்டு நானும் அண்ணியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம், அப்படி ஒரு வரட்டுப் புளிப்பு. இதெல்லாம் நமக்குச் சரிவராதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். அது 'ட்ரை' வகை, அதாவது பழத்துல இருந்த சீனி கிட்டத்தட்ட முழுக்க நொதிச்சு அல்கஹோலா மாறிட்ட வைன்னு பிறகு தான் தெரிஞ்சுச்சு. சாயத்தண்ணிக்கு (பால் ஊத்தாத டீக்கு) ரெண்டு கரண்டி சீனி போட்டு வளந்த வாய்க்கு அது எப்படி இறங்கும்.

போன டிசம்பர் அண்ணன் துபாய்ல இருந்து வரும்போது மூணு போத்தல் வைன் கொண்டு வந்தான். இத்தாலி மொஸ்காட்டோ டாஸ்டி, ஜேர்மன் மோசல் ரீஸ்லிங், பிரான்ஸ் அல்சாஸ் கெவுர்ஸ்ட்ராமினர். (நீயே கடையில வாங்கலாமேன்னு கேக்காதீங்க, பொம்பளைகளுக்கு சாராயம் விக்கக்கூடாதுங்கிற தடைய 2018 ஜனவரில நிதியமைச்சர் மங்கள சமரவீர எடுத்தாரு, சில நாள்லயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அத திரும்பப் போட வச்சாரு, அந்தக் கூத்துக்குப் பிறகு போத்தல் விசயம் எங்க வீட்ல அண்ணன் டிபார்ட்மென்ட்.) ருசி பாக்க அப்பாவும் வந்து உக்காந்தாரு. அப்பா டிக்கோயா பக்கம் பேக்டரியில டீமேக்கரா இருந்தவரு, இப்ப சீனி வருத்தம், அதனால டீ ருசி பாக்குற மாதிரியே சர்ருனு உறிஞ்சி வாய்க்குள்ள சுத்தி சிங்க்ல துப்புனாரு. வைன் ருசி பாக்குறவங்களும் அப்படித் தான் செய்வாங்களாம், அண்ணி தான் சிரிச்சு சிரிச்சு முடியாம போனா.

முதல்ல மொஸ்காட்டோ. மூக்குக்கிட்ட கொண்டு போனதும் அப்பா "இதென்னடா தேயிலை வாசம்"ன்னாரு. நாங்க நக்கல் பண்ணினோம், ஆனா அவர் சொன்னது சரி தான், லினலூல்ங்கிற வாசனைப் பொருள் மொஸ்காட்டோ செய்யிற மஸ்கட் முந்திரிகைப் பழத்துலயும் (திராட்சை) இருக்கு, தேயிலையிலயும் இருக்கு. அல்கஹோல் 5 வீதம் அளவு தான், பியர் மாதிரி. பாதி நொதிக்கும்போதே நல்லா குளிராக்கி நிப்பாட்டிருவாங்க, அதனால சீனி மிஞ்சி நிக்குது, கொஞ்சம் கேஸும் நிக்குது. பீச் பழமும் தோடம்பூவும் சேந்த மாதிரி ஒரு மணம், நாக்குல சின்னச் சின்னதா நுரை. முதல் கிளாஸ் சொர்க்கம். ரெண்டாவது கிளாஸ்ல பாதியில எனக்குத் திகட்டிருச்சு. பிறகு பாத்தா லீட்டருக்கு 100 கிராமுக்கு மேல சீனி இருக்குற வகையாம், கோக்லயே கிட்டத்தட்ட அவ்வளவு தான். சோடாப் போத்தல்ல சீனி அளவக் காட்ட சிவப்பு மஞ்சள் பச்சைன்னு வட்டம் போடுறாங்க, வைனுக்கு அதுவும் கிடையாது.

மொஸ்காட்டோவுல இன்னொரு வில்லங்கம், அது இளசா இருக்கும்போதே குடிக்கணும். அதுக்குப் பிறகு டவுன்ல ஒரு கடையில அண்ணன் ஒண்ணு வாங்கிட்டு வந்தான், வெயில் படுற கண்ணாடிக்குப் பின்னாடி எத்தனை வருசம் நின்னுச்சோ, தொறந்தா தேன் நிறம், நுரையும் இல்ல வாசமும் இல்ல, சீனித்தண்ணி. லேபிள்ல வருசத்தப் பாக்காம வாங்கினா இது தான் கதி.

கெவுர்ஸ்ட்ராமினர் பேரைச் சொல்லவே வாய் சுளுக்குது. வாசம் மட்டும் அள்ளும், ரோசாப்பூவும் லைச்சியும், நம்ம பாஷையில ரம்புட்டான் தோலை உரிச்ச உடனே வர்ற அந்த மணம். வாசத்த நம்பி வாயில வச்சா அவ்வளவு இனிப்பு இல்ல, 13 வீதத்துக்கு மேல அல்கஹோல், புளிப்பும் கம்மி, எண்ணெய் மாதிரி கனமா இறங்குது. டெவல்ட் கோழியோட குடிச்சோம், வாயில நெருப்பு வச்ச மாதிரி ஆயிருச்சு. அல்கஹோல் கூடினா உறைப்ப ஏத்தி விடும், அத நாங்க பட்டுத் தான் தெரிஞ்சிக்கிட்டோம். லேசான வைன் தேடுறவங்களுக்கு இது ஆகாது, மோந்து பாக்க மட்டும்னா முதல் பரிசு.

ரீஸ்லிங்க கடைசியா வச்சது நல்லதாப் போச்சு. முதல் வாய்க்கு நான் பெருசா எதுவும் நினைக்கல, மொஸ்காட்டோ மாதிரி ஓடி வந்து கட்டிப் பிடிக்காது அது. பச்சை ஆப்பிள், தேசிக்காய்த் தோல், பின்னால மெல்ல ஒரு தேன் இனிப்பு, அது முடியும்போது எச்சி ஊற வைக்கிற புளிப்பு, உடனே இன்னொரு வாய் கேக்குது. அப்பா தான் சரியாப் பிடிச்சாரு, "சாயத்தண்ணிக்கு சீனி போட்டு தேசிக்காய் விட்ட மாதிரி இருக்கு"ன்னாரு. அதே தான் விசயம். இதுலயும் சீனி இருக்கு, எங்க போத்தல் காபினெட் வகை (ஜேர்மன் லேபிள்ல லேசான வைனுக்குப் போடுற பேர்), அதுல லீட்டருக்கு 40 கிராம் அளவுல இருக்குமாம், ஆனா புளிப்பு அத தூக்கிப் பிடிக்கிறதால திகட்டல. அதே கோழி, இந்தத் தடவ உறைப்பு அடங்கிச்சு. கட்டசம்பலும் ரொட்டியும் வச்சுக்கூட குடிச்சுப் பாத்தோம், பேசாம குடிச்சோம், அவ்வளவு பொருத்தம். மிச்சத்த மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு நாலு நாள் கழிச்சு எடுத்தாலும் நல்லா இருந்துச்சு, மொஸ்காட்டோ அடுத்த நாளே செத்துருச்சு.

இந்த ரீஸ்லிங் விளையிற மோசல் ஆத்தங்கரை படங்கள அண்ணன் காட்டினான், நம்ம கொழுந்து மலைய விட செங்குத்து, கால்மொண்ட்னு ஒரு மலை 65 பாகை சரிவாம். மெஷின் ஏறாது, கையால தான் பறிக்கணும். அப்பா அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு, அங்க பறிக்கிறவங்களுக்கு நாள் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாரு, அண்ணனுக்குத் தெரியல.

வாங்கும்போது ஒரு தந்திரம். ரீஸ்லிங்ல இனிப்பும் உண்டு ட்ரையும் உண்டு, 'ட்ரோக்கன்'னு போட்டிருந்தா ட்ரை, தொடாதீங்க. வேற ஒண்ணும் விளங்காட்டி அல்கஹோல் வீதத்தப் பாருங்க, 8, 9ன்னு இருந்தா சீனி மிஞ்சியிருக்கு, 12 தாண்டினா பெரும்பாலும் ட்ரை. கட்டியான டெசேர்ட் வைனுக்கும் போர்ட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. இன்னொண்ணு, நம்ம ஊர் குளிர நம்பி போத்தல யன்னல் ஓரத்துல வைக்காதீங்க, நாங்க வச்சோம், பத்தல, 6ல இருந்து 8 பாகைக்கு வரணும், ஃப்ரிட்ஜ்ல மூணு மணித்தியாலமாவது போடுங்க.

அத்தையோட ஜாடி வைன விட்டுட்டா அத்தை சண்டைக்கு வந்துருவாங்க. இனிப்புல அது தான் ராஜா, ஆனா லேசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, போன வருசம் மாமா ரெண்டு கிளாஸ்ல கிறிஸ்மஸ் மரத்துக்குப் பக்கத்துலயே படுத்துட்டாரு. கேக்கோட ஒரு சின்ன கிளாஸ், அதோட சரி.

இதுவரைக்கும் வைனே குடிக்காத ஒருத்தருக்கு ஒரு கிளாஸ் மட்டும் ஊத்துறதுன்னா மொஸ்காட்டோ தான் ஊத்துவேன். ஒரு போத்தல் வாங்கி ரா சாப்பாட்டோட நாலு பேர் முடிக்கிறதுன்னா யோசிக்காம ரீஸ்லிங். அண்ணன் ஏப்ரல்ல திரும்ப வாரான், ரெண்டு காபினெட், ட்ரோக்கன் வேண்டாம்னு இப்பவே மெசேஜ் போட்டாச்சு, கூடவே ஒரு கோர்க் ஸ்குரூவும், ஏன்னா மொஸ்காட்டோ கோர்க்க அகப்பைக் காம்பால உள்ள தள்ளித் தான் தொறந்தோம், அந்தக் காம்பு இப்ப ரெண்டா கிடக்கு.